‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எத்தனை வினைகள் வேண்டும்?

மாலை வகுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கக் கற்றுக்கொள்ளும் பன்னிரண்டு பேருக்கு நான் மாலையில் வகுப்பு எடுக்கிறேன். சென்ற வாரம் ஒரு சிறு பத்தியைப் பயிற்சியாகக் கொடுத்தேன். ஒரு பெண் அச்சகம் நடத்துகிறாள்; அச்சகத்தின் பின்புறம் ஓர் ஓடை ஓடுகிறது; அவளுக்கு இரண்டு நாட்களாகக் காய்ச்சல் அடிக்கிறது; மூவாயிரம் படிகள் அச்சிட வேண்டியிருக்கிறது; பாதி வேலையில் தாள் தீர்ந்துபோகிறது. இந்த ஐந்து இடங்களிலும் ஆங்கில மூலத்தில் இருந்தது ‘ரன்’ என்னும் ஒரே சொல்தான்.

பாதிப் பேர் ஐந்து இடங்களிலும் ‘ஓடு’ என்னும் வினையை எப்படியாவது பொருத்திவிட முயன்றார்கள். ‘அவள் காய்ச்சலில் ஓடினாள்’ என்று ஒரு தாளில் இருந்தது. எழுதிய மாணவி நன்றாகத் தமிழ் எழுதக்கூடியவர். வீட்டில் பேசும்போது அவர் வாயில் இப்படியொரு வாக்கியம் வரவே வராது. முதல் நாளே ‘ரன் என்றால் ஓடு’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான் என்பதால் பிழை என்னுடையதுதான் என்று உணர்கிறேன்.

இந்தச் சொல்லின் பொருள்கள் அனைத்தையும் இணைக்கும் இழை ஏதேனும் உண்டா, அல்லது பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லையா? மொழியில் ஆழ்ந்த பழக்கம் உள்ளவர்களும், தங்கள் தொழிலில் இச்சொல்லை நாள்தோறும் கேட்பவர்களும் எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

வேர்ச்சொல் எழுதியது:

வணக்கம் அம்மா. பட்டியல் போடத் தொடங்கினால் அதற்கு முடிவே இராது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 20 தொகுதிப் பதிப்பு 1989 இல் வெளிவந்தபோது, அதில் மிக நீண்ட பதிவாக இருந்தது ‘செட்’ என்னும் சொல். பிறகு திருத்தப் பணி நடந்துகொண்டிருக்கும்போது ‘ரன்’ அதை முந்திவிட்டது என்ற செய்தி 2011 இல் வெளிவந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்திருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியருக்கு இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் தேவைப்பட்டன.

ஆனால் இழை ஒன்று இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஜெர்மன் மொழியில் இச்சொல்லின் உறவினர்கள் இருவர் இன்றும் தனித்தனியாக வாழ்கிறார்கள். ‘ரின்னன்’ என்றால் நீர் வழிதல், ஒழுகுதல்; ‘ரென்னன்’ என்றால் கால்களால் விரைந்து ஓடுதல். இரண்டாவது சொல் தொடக்கத்தில் ‘ஓடச் செய்’ என்னும் பொருளில், முதல் சொல்லிலிருந்து ஆக்கப்பட்ட பிறவினை. பழைய ஆங்கிலத்திலும் தானே ஓடுவதற்கு ஒரு வினையும் ஓடச் செய்வதற்கு ஒரு வினையும் இருந்தன. பிற்காலத்தில், வடபுலத்து நோர்ஸ் மொழியின் செல்வாக்கும் சேர்ந்து, அந்த வேறுபாடு அழிந்து எல்லாம் ‘ரன்’ என்னும் ஒரே வடிவத்துக்குள் வந்து விழுந்தன.

நமக்கு இது எளிதாகப் புரிய வேண்டும், ஏனென்றால் ஆங்கிலம் இழந்துவிட்டதைத் தமிழ் இன்றும் வைத்திருக்கிறது. ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை. பேருந்து ஓடுகிறது, அவர் பேருந்தை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். ஆகவே உங்கள் மாணவர்கள் ‘ரன்’ என்னும் சொல்லைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இங்கே ஏதோ ஒன்று தானே ஓடுகிறதா, அல்லது யாரோ ஒருவர் அதை ஓடச் செய்கிறாரா?’ என்பதுதான். அச்சகம் நடத்துவது, சோதனை செய்து பார்ப்பது, கணினியில் நிரலை இயக்குவது ஆகிய மூன்றும் ஓடச் செய்வதில் அடங்கும். ஓடை, காலம், வதந்தி, சாயம் ஆகியவை தானே ஓடுவதில் அடங்கும். இதற்குப் பிறகுதான் அகராதியைத் திறக்க வேண்டும்.

ஈரோட்டு ஓட்டுநர் எழுதியது:

நான் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவன். மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரியாது; ஆனால் இந்தச் சொல்லோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறேன். ரயில்வேயில் எங்களுக்குப் பெயரே ‘ரன்னிங் ஸ்டாஃப்’. எஞ்சின் ஓட்டுபவர், அவருடைய உதவியாளர், வண்டியின் கடைசியில் இருக்கும் கார்டு ஆகியோர் இதில் அடங்குவார்கள். வண்டி ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டு எங்களுக்குத் தரும் படியின் பெயர் ‘ரன்னிங் அலவன்ஸ்’. வெளியூரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு அடுத்த வண்டி வரும்வரை நாங்கள் படுத்து உறங்கும் இடத்தின் பெயர் ‘ரன்னிங் ரூம்’.

புதிதாகத் திருமணமான காலத்தில் என் மனைவி என்னிடம், “ஓடுகிற அறையில் எப்படி உறங்குவீர்கள்?” என்று உண்மையாகவே கேட்டார். ஓடும் ரயிலிலேயே எங்களுக்கென்று ஓர் அறை இருப்பதாக அவர் எண்ணியிருந்தார். அந்த அறையில் எதுவும் ஓடாது, சத்தம்கூடப் போட மாட்டோம் என்று அவருக்குச் சொன்னேன். பகலிலும் திரைச்சீலையை இழுத்து இருட்டாக்கி வைத்திருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் பணி என்றால் அழைப்பாள் வந்து கட்டிலின் காலை இரண்டு முறை தட்டுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழித்துவிடுவார் என்பதால் பேச மாட்டார்.

நீங்கள் சொன்ன ‘ஓடு, ஓட்டு’ என்னும் பிரிவில் இந்த அறை எதில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. ஓடுகிறவர்களின் அறை என்பதுதான் அதன் பொருள் என்று நான் கொள்கிறேன்.

வேர்ச்சொல் எழுதியது:

ஐயா, நீங்கள் கொண்டதே சரியானது. அறை ஓடவில்லை, அறைக்கு உரியவர்கள் ஓடும் பணியில் இருப்பவர்கள். ‘ஓய்வறை’ என்று மொழிபெயர்த்தால் பொருள் சரியாக இருக்கும், ஆனால் பயணிகளுக்கான ஓய்வறையோடு குழம்பிவிடும். ‘ஓட்டுநர் ஓய்வறை’ என்றால் கார்டு விடுபட்டுப் போவார். தொழிலாளர்கள் நாள்தோறும் சொல்லும் ‘ரன்னிங் ரூம்’ என்பதையே தமிழ் எழுத்தில் எழுதி, முதல் முறை வரும் இடத்தில் அது என்ன என்று ஒரு வரி விளக்கிவிடலாம்.

சாயப்பட்டறை எழுதியது:

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இந்தச் சொல்லால் எங்களுக்கு ஒருமுறை உண்மையான இழப்பு ஏற்பட்டது என்பதால் எழுதுகிறேன். அடர்நீலச் சட்டைகளின் மாதிரியை வாங்குபவருக்கு அனுப்பியிருந்தோம். அவரிடமிருந்து இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது: ‘த நேவி ஹேஸ் ரன். ஹோல்ட் த ரன் அன்டில் யூ ரன் த டெஸ்ட் அகெய்ன்.’

மூன்று முறை ஒரே சொல், மூன்று பொருள். முதலாவது, சாயம் இறங்கியிருக்கிறது. இரண்டாவது, தொடங்கவிருக்கும் மொத்த உற்பத்தி. மூன்றாவது, சோதனையைச் செய்து பார்ப்பது. அன்று பணியில் இருந்த இளைஞர் முதல் வாக்கியத்தை ‘நேவி நிறம் ஓட்டத்துக்குப் போய்விட்டது’, அதாவது உற்பத்தி தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டார். சோதனை முடியும்வரை பொறுக்கத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணி, வெட்டும் வேலையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு, சாயமேற்றும் இடத்துக்குத் தகவல் சொல்லாமல் விட்டார். சாயத்தில்தான் குறை என்பது மறுநாள் எங்களுக்குப் புரிந்தபோது, அதே முறையில் இன்னும் பல உருளைத் துணி சாயமேறி வெளியே வந்திருந்தது.

துணியைச் சோதித்தபோது நானே அருகில் இருந்தேன். நீலத் துணியில் ஒரு துண்டை வெட்டி, அதனோடு வெள்ளைப் பட்டை ஒன்றைச் சேர்த்துத் தைத்து, சோப்புக் கலந்த வெந்நீரில் சுழலவிட்டு எடுத்தோம். பட்டையின் பருத்திப் பகுதி மழைக்கால வானத்தின் நிறத்துக்கு மாறியிருந்தது. சாயமேற்றிய பிறகு நூலில் பிடிக்காமல் மேலாகத் தங்கிவிடும் சாயத்தை நன்றாகக் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் அவசரப்பட்டிருந்தார்கள்.

நாங்கள் தமிழில் இதற்கு ‘சாயம் இறங்குகிறது’, ‘சாயம் போகிறது’ என்று இரண்டு விதமாகச் சொல்வோம். இரண்டும் ஒன்றல்ல. ‘போகிறது’ என்றால் நிறம் வெளிறுகிறது. ‘இறங்குகிறது’ என்றால் பக்கத்துத் துணியில் ஏறுகிறது. ஆங்கிலத்தின் ‘ரன்’ இரண்டாவதைத்தான் குறிக்கும். அகராதிகள் பெரும்பாலும் ‘சாயம் போதல்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன்.

மாலை வகுப்பு எழுதியது:

சாயப்பட்டறை நண்பரே, அந்த இரண்டு வரிகளை நாளையே வகுப்பில் பயன்படுத்தப் போகிறேன். மிக்க நன்றி. ‘இறங்குதல்’, ‘போதல்’ என்னும் வேறுபாட்டை நானும் இதுவரை கவனித்ததில்லை.

வேர்ச்சொல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. காய்ச்சலும் தாள் தீர்ந்துபோவதும் உங்கள் பிரிவில் எங்கே அடங்கும்?

வேர்ச்சொல் எழுதியது:

தாளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘ரன் அவுட்’ என்பதில் ஓடி முடிவது பொருள். மணற்கடிகையில் மணல் ஓடித் தீர்வதைக் கண்முன் கொண்டுவந்தால் போதும். தாள் தீர்ந்தது என்று பொருளையே எழுவாயாக வைத்து ஆங்கிலத்திலும் சொல்லலாம். ஆனால் ஆங்கிலேயர்கள் இதைத் தலைகீழாக்கி, ‘நாங்கள் தாளிலிருந்து ஓடி வெளியே வந்துவிட்டோம்’ என்பதைப் போலவும் அமைத்துக்கொண்டார்கள். எழுவாய் ஆளாக மாறியதால்தான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் ஆளை எழுவாயாக்க வழியே இல்லை. ‘எங்களிடம் தாள் தீர்ந்துவிட்டது’ என்று ஆளை வேற்றுமையில் வைத்துத்தான் சொல்வோம். பால் தீர்ந்தது, பொறுமை தீர்ந்தது, நேரம் முடிந்தது ஆகிய எல்லாவற்றுக்கும் இதே திருப்பம் வேண்டும்.

காய்ச்சலிலும் இதே சிக்கல்தான். ஆங்கிலத்தில் நோயாளி எழுவாய், காய்ச்சல் செயப்படுபொருள். தமிழில் காய்ச்சல் எழுவாயாகி, ‘அவளுக்குக் காய்ச்சல் அடிக்கிறது’ என்று வினையே மாறிவிடுகிறது. உங்கள் மாணவி ‘ஓடு’ என்னும் சொல்லில் மட்டும் பிழை செய்யவில்லை. யார் எழுவாய் என்பதிலும் ஆங்கிலத்தைப் பின்பற்றிவிட்டார்.

செய்திமேசை எழுதியது:

செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளை இரவு நேரத்தில் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். வேர்ச்சொல் அவர்கள் சொல்லும் இழை உண்மையானதாக இருக்கலாம், ஆனால் இரவு பதினொரு மணிக்கு அது எனக்குக் கைகொடுக்காது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். எனக்குக் கைகொடுப்பது பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்.

‘புல் ரன்’ என்னும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள்; ஆங்கிலத்தில் ‘புல்’ என்றால் காளை. பங்குச் சந்தைச் செய்தியில் வந்தால் விலைகள் தொடர்ந்து ஏறும் காலம். ஸ்பெயின் நாட்டுப் பாம்ப்லோனா நகரிலிருந்து ஜூலை மாதத்தில் வந்தால், சான் ஃபெர்மின் திருவிழாவில் தெருக்களில் காளைகளுக்கு முன்னால் மக்கள் ஓடுவது. அமெரிக்க வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் இவை இரண்டும் இல்லை. அது வர்ஜீனியா மாநிலத்தில் மனாசஸ் என்னும் ஊருக்கு அருகே ஓடும் ஒரு சிற்றாறு. 1861 ஜூலையிலும் 1862 ஆகஸ்டிலும் உள்நாட்டுப் போரின் இரண்டு பெரிய சண்டைகள் அதன் கரையில் நடந்தன. வடவர்கள் சண்டைகளுக்குப் பெரும்பாலும் அருகிலுள்ள நீர்நிலையின் பெயரைச் சூட்டினார்கள். தென்னவர்கள் ஊரின் பெயரைச் சூட்டினார்கள். அதனால் ஒரே சண்டை ஒரு தரப்பின் நூல்களில் ‘புல் ரன்’ என்றும் மறு தரப்பின் நூல்களில் ‘மனாசஸ்’ என்றும் வழங்குகிறது. இதைக் ‘காளை ஓட்டப் போர்’ என்று எழுதிய ஒரு தமிழ்ப் பிரதி என் கைக்கு வந்து, அச்சுக்குப் போகும் முன் திருத்தியிருக்கிறேன்.

அடுத்தது வங்கி. ‘பேங்க் ரன்’ என்றால் வைப்பாளர்கள் நம்பிக்கை இழந்து ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பப் பெற முண்டியடிப்பது. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் மக்கள் வரிசையில் நின்ற காட்சியை உலகமே பார்த்தது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வைப்பாளர்கள் உத்தரவிட்டார்கள். பெரும்பாலோர் இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் முடித்துக்கொண்டார்கள், யாரும் எங்கும் ஓடவில்லை. இதற்கு ‘வங்கி ஓட்டம்’ என்று எழுதினால் வங்கிதான் ஓடிவிட்டது என்று வாசகர் எண்ணுவார். நான் ‘பணத்தை எடுக்க வைப்பாளர்கள் முண்டியடித்தனர்’ என்று விரித்தே எழுதுகிறேன்.

தேர்தலையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் பதவிக்கு ‘ரன்’ செய்வார்கள். பிரிட்டனில் அதே செயலுக்கு ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். தமிழில் நாம் ‘தேர்தலில் நிற்கிறார்’ என்கிறோம். அமெரிக்கச் செய்தியில் ஓடுபவரைத் தமிழில் நிற்க வைத்தால்தான் மொழிபெயர்ப்பு சரியாகிறது. இழையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இந்த இடத்துக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

வேர்ச்சொல் எழுதியது:

செய்திமேசை நண்பருக்கு: தேர்தல் எடுத்துக்காட்டில் நான் தோற்றுவிட்டேன் என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘புல் ரன்’ என்னும் சிற்றாறு என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது. அமெரிக்காவின் சில பகுதிகளில் சிறிய நீரோட்டத்துக்கு ‘ரன்’ என்பதே பொதுப்பெயர். ஓடுவதால் அது ரன். நமக்கோ ஓடுவதால் அது ஓடை. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் ஒரே வினையிலிருந்து ஒரே பொருளுக்குப் பெயர் செய்திருக்கின்றன. மாணவர்களுக்கு இதைச் சொன்னால் அவர்கள் மறக்க மாட்டார்கள்.

யாழ் வாசகர் எழுதியது:

இலங்கையிலிருந்து ஒரு சிறு குறிப்பு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் கிரிக்கெட் செய்திகளில் ‘ரன்கள்’ என்று எழுதுகின்றன. எங்கள் பத்திரிகைகளில் ‘ஓட்டங்கள்’ என்பதே நெடுங்கால வழக்கு. ஆடுகளத்தின் 22 கெஜ நீளத்தை இருவர் ஓடிக் கடந்தால் ஓர் ஓட்டம் என்பதால் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓடாமலே நான்கு கிடைத்தாலும் அதையும் ஓட்டம் என்றே எண்ணுகிறோம், ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

இன்னொன்று, வயிற்றுப்போக்குக்கு நாங்கள் ‘வயிற்றோட்டம்’ என்று சொல்கிறோம். ஆங்கிலப் பேச்சுவழக்கிலும் அந்த நோய்க்கு ‘த ரன்ஸ்’ என்று பெயர் உண்டு. மூக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஓடும். எங்களுக்கும் உங்களுக்கும் அது ஒழுகத்தான் செய்யும். ஆகவே வேர்ச்சொல் அவர்களின் இழை சரியான இடத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் எந்த இடத்தில் அறும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

நீதிமன்ற வளாகம் எழுதியது:

நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். எங்கள் துறையில் இந்தச் சொல் மூன்று இடங்களில் அடிக்கடி வருகிறது. முதலாவது தண்டனைகள். இரண்டு தண்டனைகள் ‘கன்கரன்ட்லி’ ஓடும் என்றால், தமிழ்ச் செய்திகளில் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுகிறார்கள். இது நல்ல தமிழாக்கம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது கால வரையறை, அதாவது வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலக்கெடு. 1963 ஆம் ஆண்டின் வரையறைச் சட்டத்தில் 9 ஆம் பிரிவு, காலம் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதன் பிறகு ஏற்படும் எந்த இயலாமையும் அதை நிறுத்தாது என்று சொல்கிறது. இங்கே ‘ஓடு’ என்பதைத் தவிர வேறு எந்த வினையை எழுதினாலும் பொருள் நொய்ந்துபோகும். ‘காலம் தொடங்குகிறது’ என்றால் போதாது; நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் அந்தப் பிரிவின் உயிர். என்னிடம் வந்த ஒரு பெரியவர், உடல்நலமின்றிப் படுத்திருந்த இரண்டு ஆண்டுகளைக் கணக்கில் கழித்துவிடலாம் என்று நம்பியிருந்தார். ‘ஐயா, நீங்கள் படுத்திருந்தபோதும் காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது’ என்று நான் சொன்னதும் அவருக்கு உடனே விளங்கியது; அதற்கு முன் அரைமணி நேரம் சட்டமொழியில் விளக்கியும் விளங்கவில்லை.

மூன்றாவதில் எனக்கே உதவி வேண்டும். நிலத்தோடு கட்டுண்ட சில கடப்பாடுகளை ஆங்கிலத்தில் ‘ரன்னிங் வித் த லேண்ட்’ என்கிறோம். நிலம் கைமாறினாலும் கடப்பாடு புதிய உரிமையாளரையும் பிடிக்கும் என்பது பொருள். ‘நிலத்தோடு ஓடும் உடன்படிக்கை’ என்று ஒரு தமிழாக்கத்தில் பார்த்தேன். நிலம் ஓடுகிறது என்றல்லவா படிப்பவர் எண்ணுவார்?

மாலை வகுப்பு எழுதியது:

ஐயா, ‘நிலத்தைத் தொடரும் கடப்பாடு’ என்று வைத்தால் எப்படி இருக்கும்? நிலம் அசையாமல் நிற்கிறது. அதை யார் வாங்கினாலும் கடப்பாடு விடாமல் தொடர்கிறது.

ஈரோட்டு ஓட்டுநர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊர்த் தோட்டத்தின் பழைய கிரயப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான்கெல்லை சொல்லும் இடத்தில், ‘தென்வடலாய் ஓடும் வாய்க்காலுக்கு மேற்கு, கிழமேலாய் ஓடும் வண்டிப்பாதைக்கு வடக்கு’ என்று இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், சரி. பாதை எப்படி ஓடும்? ஆனாலும் எழுதியவர் இரண்டுக்கும் ஒரே வினையைத்தான் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே ‘மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட’ என்று இருக்கிறது. வக்கீல் ஐயா கேட்கும் கடப்பாட்டுக்கு இது ஏதாவது உதவுமா?

நீதிமன்ற வளாகம் எழுதியது:

மிகவும் உதவும், ஐயா. வழிநடைப் பாத்தியம் என்பது அடுத்த நிலத்துக்காரர் உங்கள் நிலத்தின் வழியே, அல்லது நீங்கள் அவர் நிலத்தின் வழியே நடந்து செல்லும் உரிமை. நிலம் யார் கைக்குப் போனாலும் அது நிலத்தோடு சேர்ந்தே போகும். நான் தேடியது இதற்கு மிக நெருங்கிய உறவுதான். அசையாத பாதையை ஓடவிட்ட பத்திர எழுத்தர், உரிமை கைமாறும் இடத்தில் ‘ஓடு’ என்று எழுதாமல் ‘உட்பட’ என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? அம்மா சொன்ன ‘நிலத்தைத் தொடரும் கடப்பாடு’ என்னும் தொடரை அடுத்த வரைவில் எழுதி, எங்கள் மூத்த வழக்கறிஞரிடம் காட்டப் போகிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று இங்கேயே எழுதுகிறேன்.